எதிரில் ஆள் நிற்கட்டும்: சிலம்பம் புதிதாகக் கற்பவருக்கு ஜோடிப் பயிற்சியை முதலில் கொடுப்பது எப்படி

ஆறு மாதமாகச் சுவடும் (காலடி வரிசை) வீச்சும் (கம்பைச் சுழற்றுவது) மட்டுமே தனியாகப் பழகிய மாணவருக்கு எதிரே ஒருவர் கம்பை ஓங்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்று சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் எல்லோருக்கும் தெரியும். கண் மூடும். தோள் இறுகும். கால் இரண்டும் ஒட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் பின்னால் சாயும். தலைக்கு மேல் அத்தனை அழகாகக் கம்பைச் சுழற்றிய கை, வருகிற அடிக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முகத்துக்கு நேரே கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். இதில் மாணவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், அடி எப்போது கிளம்புகிறது, எந்தக் கோணத்தில் வருகிறது என்ற மூன்றையும் வெறும் காற்று கற்றுத்தராது. அதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் முதல் ஆறு வாரங்களை எப்படி நடத்துவது என்பதே இங்கே விஷயம். 10 வயதுக்கு மேற்பட்ட 12 மாணவர்கள், ஓர் ஆசான், ஓர் உதவியாளர் என்று வைத்துக்கொள்வோம். குறவஞ்சி, துளுக்காணம், மறக்காணம் என்று உங்கள் பள்ளி எந்த வழியில் வந்ததாக இருந்தாலும் இந்த வரிசை பொருந்தும். அடிகளின் பெயர் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இங்கே அடி விழும் இடத்தை மட்டும் சொல்கிறோம். பெயரை உங்கள் வழக்கப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

எதிராளி இல்லாமல் செய்யும் தனிப்பயிற்சி முதலில் வந்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஒரே ஆசான் 60 பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்கலாம், யாருக்கும் அடிபடாது, ஒரு பார்வையில் தப்பைத் திருத்தலாம். ஜப்பானின் ஒக்கினாவாவில் கராத்தே ஆசான் இட்டோசு அங்கோ 1901இல் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். அங்கே பெரிய வகுப்புக்கு ஏற்றதாகக் கத்தா என்னும் தனிவரிசையே முன்னுக்கு வந்தது. நம்மிடமும் போட்டிகளில் ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு வீச்சுக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மேடை பெரிதாகும்போது பார்க்க அழகான வீச்சை முதலில் கற்பிக்கும் ஆசையும் பெரிதாகும். இந்தக் காரணங்கள் எல்லாம் வகுப்பை நடத்துவதற்குத் தோதானவை. மாணவர் கற்பதற்குத் தோதான வரிசை வேறு. ஜப்பானில் 1882இல் கோடோகான் என்னும் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, எதிராளியைப் பிடித்துச் சுதந்திரமாக ஆடும் ரண்டோரியை ஜூடோவின் நடுவில் வைத்தார். அங்கே நாகே நோ கத்தா போன்ற வரிசைகளைக்கூட இரண்டு பேர் சேர்ந்துதான் செய்கிறார்கள். கேரளக் களரியில் மெய்த்தாரி என்னும் உடற்பயிற்சி முடிந்து கோல்தாரி என்னும் கோல் பயிற்சிக்கு வந்ததும், ஆசான் வாயால் சொல்லும் வாய்த்தாரிக்கு ஏற்ப இருவர் எதிரெதிரே நின்றே கோல் பழகுகிறார்கள்.

கம்பும் காப்பும்

சிலம்பக் கம்பு தரையிலிருந்து நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது வழக்கம். முதல் மூன்று வாரத்துக்கு அதைச் சுவரில் சாய்த்து வையுங்கள். புதியவர்கள் ஜோடியாக ஆடுவதற்கு 4 அடி நுரைக்கம்பு செய்துகொள்வது நல்லது. 10 அடி நீள முக்கால் அங்குல பி.வி.சி. குழாயில் இரண்டு கம்பு கிடைக்கும். ஏ.சி. செப்புக் குழாயின்மேல் போடுகிற கறுப்பு நுரைக் குழாயை அதன்மேல் இழுத்துவிடுங்கள். கையால் பிடிக்கும் பக்கம் ஒன்றரை அடிக்கு நுரை வேண்டாம். அடிக்கும் முனையில் குழாயைத் தாண்டி மூன்று விரல் அளவு நுரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்; அந்த வெற்றிடத்தில் துணியை அழுத்தித் திணித்து, மேலே துணி டேப்பால் சுற்றுங்கள். திணிக்காமல் விட்டால் நாலைந்து வகுப்பில் குழாயின் வெட்டுமுனை நுரையைக் கிழித்து வெளியே வந்துவிடும், பார்த்தால் தெரியாது. வெயிலில் போட்ட பி.வி.சி. நொறுங்கும், உடைந்த குழாயின் விளிம்பு கத்திபோல இருக்கும். நிழலில் வைத்து, வகுப்புக்கு முன் ஒவ்வொரு கம்பையும் லேசாக வளைத்துப் பாருங்கள்.

நான்காவது வாரத்தில் நுரையை விட்டு ஏறத்தாழ 2 செ.மீ. கனமுள்ள பிரம்புக்குப் போகலாம். மூங்கில் பிளந்தால் நீளமான சிராய் கிளம்பும், பிரம்பு நார்நாராகப் பிரியும். ஜோடிப் பயிற்சிக்குப் பிரம்பே பாதுகாப்பு. ஒரு பழைய பருத்தித் துணியைக் கம்பு நெடுக உருவிப் பாருங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கணுவில் வெடிப்பு இருந்தால் தேய்த்துப் பயனில்லை, அந்தக் கம்பு ஜோடிக்கு வேண்டாம்.

கண்ணுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி முதல் நாளிலிருந்தே கட்டாயம், நுரைக்கம்பாக இருந்தாலும் சரி. பிரம்புக்கு மாறியதும் தலைக்கவசமும் கையுறையும் வேண்டும். இங்கே பலரும் செய்யும் ஒரு தவறு, கிரிக்கெட் ஹெல்மெட் போட்டுவிட்டு முகம் பத்திரம் என்று நினைப்பது. அந்தக் கம்பிகள் 7 செ.மீ. பந்தைத் தடுப்பதற்காக வைத்தவை. 2 செ.மீ. கம்பின் முனை அந்த இடைவெளியில் தாராளமாக நுழையும். தலையில் விழும் அடிக்கு ஹெல்மெட் உதவும், குத்துக்கு உதவாது. ஆகவே இந்த ஆறு வாரமும் முகத்துக்கோ தொண்டைக்கோ குத்து கிடையாது. காப்பு என்ன போட்டிருந்தாலும் கிடையாது. கைக்கு கிரிக்கெட் பேட்டிங் கையுறை போதும், கொஞ்சம் பருமனாக இருந்தாலும் விரல் தப்பும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் வகுப்புக்கு முன்பே கழற்றப்பட வேண்டும். அடிபட்டு வீங்கிய விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க நேரும்.

இடம்: ஒரு ஜோடிக்கும் பக்கத்து ஜோடிக்கும் நடுவே குறைந்தது 4 மீட்டர். பின்வாங்க ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் 3 மீட்டர். ஆறு ஜோடிக்கு இடம் பற்றவில்லை என்றால் மூன்று ஜோடி ஆடட்டும், மற்ற ஆறு பேர் பார்க்கட்டும். பார்க்கிறவர்களுக்கும் வேலை கொடுங்கள்: “எதிரில் இருப்பவரின் பின்கால் குதிகால் தரையில் இருக்கிறதா என்று மட்டும் பார்” என்பதுபோல ஒரே ஒரு விஷயம்.

நிறுத்தச் சொல்

முதல் வகுப்பின் முதல் பாடம் ‘நில்’. ஆசான் சொன்னாலும் சரி, எதிராளி சொன்னாலும் சரி, அந்தச் சொல் காதில் விழுந்ததும் கம்பின் முனை தரையைத் தொட வேண்டும். விளையாட்டாக நாலைந்து முறை சொல்லிப் பாருங்கள். நடையின் நடுவில், பேச்சின் நடுவில், எதிர்பாராதபோது. எல்லாக் கம்பும் ஒரு நொடிக்குள் இறங்கும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். ஒவ்வொரு சுற்றும் வணக்கம் வைத்து, முனையோடு முனை தொட்ட பிறகே ஆரம்பம். முனை தொடாத ஆள்மேல் கம்பு போகக்கூடாது.

பின்கை கம்பின் அடிமுனையிலிருந்து நான்கு விரல் தள்ளியும், முன்கை அதிலிருந்து தோளகலத்துக்குள்ளும் இருக்கட்டும். கட்டைவிரல் கம்பைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும். கம்பின் மேலே நீட்டி வைத்த கட்டைவிரலில்தான் முதல் அடி விழும்.

முதல் வாரம்: தூரம் மட்டும்

முதல் நாள் கம்பே வேண்டாம். இருவரும் கை நீட்டினால் விரல்நுனி தொடும் தூரத்தில் நிற்கட்டும். ஒருவர் மற்றவரின் தோளை உள்ளங்கையால் தொட முயல, மற்றவர் ஓர் அடி விலகித் தப்ப வேண்டும். ஒரு நிமிடம் ஆனதும் முறை மாற்றுங்கள். ஓடக்கூடாது, தட்டிவிடக்கூடாது, ஓர் அடி மட்டும். இதில் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், இறுகிய தோள் அதில்தான் இளகும்.

அடுத்து நுரைக்கம்பு. இருவரும் கம்பை நீட்டினால் இரண்டு முனையும் ஒரு சாண் அளவுக்குக் குறுக்கிட வேண்டும். இந்தத் தூரத்தில் ஓர் அடி எடுத்து வைக்காமல் யாரும் யாரையும் தொட முடியாது. ஒருவர் நடத்துகிறவர், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்வார். மற்றவர் அந்த ஒரு சாண் குறுக்கீட்டை விடாமல் பின்தொடர வேண்டும். முதலில் முன்–பின் மட்டும், மூன்றாம் நாள் பக்கவாட்டு. ஒரு நிமிடம் நடத்துதல், ஒரு நிமிடம் தொடர்தல், பிறகு ஜோடி மாறுதல். ஒரு வரிசை நின்றபடியே இருக்க, மறு வரிசை ஓர் ஆள் இடம் தள்ளிப்போனால் மாற்றம் சுலபம். ஒரே ஆளோடு முழு வகுப்பும் ஆடினால் அந்த ஒருவருடைய உயரமும் பழக்கமும்தான் மனதில் பதியும். ஆறு ஆளோடு ஆடினால் ஆறு விதமான தூரம்.

என்ன தப்பாகும்? பின்னே போகும்போது கால் பின்னிக்கொள்ளும். முன்கால் நகர்ந்து பின்காலைத் தொட்டு, அதன்பிறகு பின்கால் நகரும்; இரண்டு காலும் சேர்ந்திருக்கும் அந்த நொடியில் லேசாகத் தள்ளினாலே விழுவார். ‘பின்னே போனால் பின்கால் முதலில், முன்னே போனால் முன்கால் முதலில்’ என்ற ஒரே விதியைச் சொல்லுங்கள். அடுத்த தப்பு குனிந்து காலைப் பார்ப்பது. “காலைப் பார்க்காதே” என்று கத்துவதைவிட, எதிராளியின் சட்டையில் கழுத்துக்குக் கீழே இருக்கும் பொத்தானைப் பார்க்கச் சொல்வது வேலை செய்யும். அங்கே கண் இருந்தால் இரண்டு தோளும் ஓரப்பார்வையில் தெரியும். அடி தோளில்தான் முதலில் கிளம்பும். மூன்றாவது தப்பு நடத்துகிறவரிடம். எதிராளியைத் தோற்கடிப்பதே தன் வேலை என்று நினைத்து ஓட ஆரம்பிப்பார். பத்தில் எட்டு முறை எதிராளியால் தொடர முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று அவருக்குச் சொல்லுங்கள். ஆறு முறைக்குக் கீழே போனால் வேகத்தைக் குறைக்க வேண்டும், பத்துக்குப் பத்து என்றால் கூட்ட வேண்டும். இந்தக் கணக்கு இனி வரும் எல்லாப் பயிற்சிக்கும் பொருந்தும்.

இரண்டாம் வாரம்: உண்மையான அடி, விலகல்

தடுப்பதற்கு முன் விலகல். ஒரே ஓர் அடி: கொடுப்பவரின் வலப்பக்கமிருந்து சாய்வாக இறங்கி எதிரே இருப்பவரின் இடத்தோளில் விழுவது. கொடுப்பவர் ஒரு காலடி முன்னே வைத்து அடிக்கிறார், எதிரே இருப்பவர் ஒரு காலடி பின்னே வைக்கிறார், கம்பு காற்றில் போகிறது. ஒருவர் பத்து அடி, பிறகு முறை மாற்றம், பிறகு ஜோடி மாற்றம். மூன்று ஜோடி முடிந்தால் ஒருவர் 30 அடி கொடுத்து 30 அடி தப்பியிருப்பார், முதல் நாளுக்கு அது போதும்.

ஜோடிப் பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் அடி கொடுப்பவரால்தான். இரக்கத்தினாலோ பயத்தினாலோ அவர் அடியைத் தோளுக்கு ஒரு முழம் முன்னாலேயே நிறுத்துவார், அல்லது எதிராளியின் கம்பைப் பார்த்து அடிப்பார். எதிரே இருப்பவர் நகராமலே தப்பித்துவிடுவார், தப்பித்துவிட்டோம் என்று நம்பியும் விடுவார். இரண்டு வாரம் இப்படிப் போனால் தூரக்கணக்கு ஒரு முழம் தப்பாகவே பதிந்துபோகும். பிறகு அதை அழிப்பது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கஷ்டம். ஆகவே சோதனை ஒன்று வையுங்கள்: ஐந்து அடிக்கு ஒருமுறை ஆசான் “நின்றே இரு” என்று சொன்னதும் எதிரே இருப்பவர் நகராமல் நிற்க, நுரை முனை அவர் தோளைத் தொட்டாக வேண்டும். தொடவில்லையென்றால் அடி பொய்.

அடி பலமாக இருந்தால்? வேகத்தைக் குறையுங்கள், தூரத்தைக் குறைக்காதீர்கள். இந்த ஒரு வாக்கியத்தை உதவியாளரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கால்வாசி வேகத்தில் தோளைத் தொடும் அடியில் தூரம் சரியாக இருக்கிறது. முழு வேகத்தில் ஒரு முழம் முன்னால் நிற்கும் அடி மாணவருக்கு எதையும் கற்றுத்தராது.

வேகம் கட்டுக்குள் இருக்க, ஆசான் ஒரு கம்பால் தரையில் தட்டித் தாளம் கொடுப்பது பழைய வழி, நல்ல வழி. நிமிடத்துக்கு 30 தட்டில் ஆரம்பித்து வாரக் கடைசியில் 40. தட்டுக்கு ஓர் அடி. தாளம் இல்லாமல் விட்டால் பிள்ளைகளிடம் ஒன்று கட்டாயம் நடக்கும்: ஒருவர் கம்பு கொஞ்சம் பலமாகப் படும், மற்றவர் தன் முறை வந்ததும் அதைவிடக் கொஞ்சம் பலமாகக் கொடுப்பார், நாலு சுற்றில் அது சண்டையாகும். அந்த ஜோடியைத் திட்டுவதைவிட உடனே பிரித்து வேறு ஆளோடு விடுங்கள். இருவரில் ஒருவர் மூன்று ஜோடியிலும் இதையே செய்தால், அவரை அன்று முழுவதும் உதவியாளரோடு ஆடவிடுங்கள்.

மூன்றாம், நான்காம் வாரம்: தடுப்பு

அடி வரும் பாதையைக் கோடு என்போம்; நாலு கோடு போதும். இடத்தோள், வலத்தோள், இட முழங்கால், வல முழங்கால். ஒவ்வொரு தடுப்பிலும் கால்தான் முதல் வேலை செய்ய வேண்டும். இடத்தோளுக்கு அடி வந்தால் வலக்காலை வலப்பக்கம் சாய்வாக வைத்து அடியின் பாதையைவிட்டு உடம்பை நகர்த்துங்கள். கம்பு பின்தொடர்ந்து வந்து இடப்பக்கம் காக்கட்டும். நின்ற இடத்திலிருந்து கம்பால் மட்டும் முட்டுக்கொடுத்தால் அடியின் மொத்தப் பாரமும் மணிக்கட்டில் இறங்கும், கம்பு கையைவிட்டுத் தெறிக்கும்.

விரல் உடைவது தடுப்பில்தான். முனை மேலேயும் கை கீழேயும் இருக்கக் கம்பைச் செங்குத்தாக நிறுத்தித் தடுத்தால், இறங்கி வரும் அடி வழுக்கிக்கொண்டு நேராக முன்கை விரல்களில் வந்து நிற்கும். புதியவர்களுக்கு நாலு தடுப்பையும் கை மேலே, முனை கீழே என்ற ஒரே அமைப்பில் கொடுங்கள். தோளடிக்குக் கை நெற்றிக்கு மேலே, முனை தோளுக்கு வெளியே சாய்ந்து கீழ்நோக்கி. முழங்காலடிக்குக் கை மார்பளவில், முனை தரைக்கு ஒரு சாண் மேலே. அடி வழுக்கினாலும் முனைப்பக்கம் போய் விழும், கைக்கு வராது. முனை மேலே நிற்கும் தடுப்புகளும் நம் கலையில் உண்டு. அவற்றுக்கு மூன்றாவது மாதம் வரை காத்திருக்கலாம்.

ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகப் பத்துப் பத்து முறை செய்தால் அமைப்பு பிடிபடும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் வாரக் கடைசி நாளில் இரண்டு கோட்டைக் கலந்து கொடுக்கச் சொல்லுங்கள், இடத்தோளா வலத்தோளா என்று முன்கூட்டித் தெரியாதபடி. நான்காம் வாரம் நாலும் கலக்கட்டும். கலந்த உடனே எல்லோருடைய தடுப்பும் மோசமாகும், “நேற்று நன்றாகச் செய்தேனே மாஸ்டர்” என்பார்கள். 1979இல் ஷீ, மோர்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கையசைவுப் பணி ஒன்றை வைத்துப் பார்த்தது இதைத்தான்: ஒன்றை முடித்து ஒன்று என்று பழகியவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள், கலந்து பழகியவர்கள் பத்து நாள் கழித்துச் சோதித்தபோது முந்தினார்கள். எனவே கலந்த பயிற்சியில் வரும் தடுமாற்றத்தைப் பார்த்துப் பயந்து பழையபடி வரிசைக்குத் திரும்ப வேண்டாம். பத்தில் எட்டு என்ற கணக்குப்படி தாளத்தை மட்டும் இறக்குங்கள்.

கலந்து கொடுக்கும்போது தடுப்பவர் ஊகித்து முன்கூட்டியே கம்பைத் தூக்குவார். இதைக் கண்டுபிடிக்க, கொடுப்பவர் சில முறை காலடி மட்டும் வைத்து அடிக்காமல் நிற்கட்டும். அடி வராமலே கம்பு பறந்தால் மாணவர் அடியைப் பார்க்கவில்லை, தாளத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். அங்கே தாளத் தட்டை நிறுத்தி, கொடுப்பவர் விரும்பிய நேரத்தில் அடிக்கும்படி மாற்றுங்கள்.

பிரம்புக்கு மாறும் நாளில் மறுபடி 30 தட்டு, மறுபடி ஒரே கோடு. நுரைக்கம்பில் வந்த துணிச்சல் பிரம்பின் சத்தத்தில் பாதி போய்விடும். அது இயல்பு, அதற்காக ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்குங்கள்.

ஐந்தாம் வாரம்: தடுத்துத் திருப்புதல்

தடுத்த இடத்திலிருந்து கம்பு எங்கே போக வசதியாக இருக்கிறதோ அங்கே ஓர் அடி. இடப்பக்கம் தடுத்த கம்பின் முனை கீழே தொங்குகிறது. அதைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்தால் எதிராளியின் தோளில் இறங்கும். மாணவர் இதைச் சொல்லாமலே கண்டுபிடிப்பார், கண்டுபிடிக்கவும் விடுங்கள். பிறகு கொடுப்பவர் அந்தத் திருப்பலைத் தானும் தடுக்கட்டும்: அடி, தடுப்பு, திருப்பல், தடுப்பு என்று நாலு எண்ணிக்கையில் ஒரு வட்டம். மூச்சுவிட மறப்பவர்கள் இங்கேதான் அதிகம். நாலாவது எண்ணிக்கையை வாய்விட்டு உரக்கச் சொல்ல வையுங்கள், மூச்சு தானாக வெளியேறும்.

உயரத்தில் பெரிய வித்தியாசமுள்ள ஜோடியில், குட்டையானவர் திருப்பும் அடி எட்டாமல் போகும். அவரைத் தடுப்போடு சேர்த்து அரையடி முன்னே நுழையச் சொல்ல வேண்டும். இப்படி உயரத்துக்கு ஏற்ற விடை வேறாக இருப்பதைத் தனிப்பயிற்சி காட்டாது.

சுவடும் வீச்சும் எப்போது?

முதல் நான்கு வாரமும் தனிப்பயிற்சி இல்லாமல் இருக்காது. ஒரு மணி நேரத்தில் உடல் சூடேற்ற 8 நிமிடம், தூரம் பிடிக்கும் ஆட்டம் 5 நிமிடம், ஜோடிக்கு 30 நிமிடம் போனால், கடைசியில் தனியாக 10 நிமிடம் இருக்கும். மீதி ஜோடி மாற்றத்துக்கும் தண்ணீருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் புதிதாக ஒன்றும் கற்பிக்காதீர்கள். அன்று ஜோடியாகச் செய்ததையே ஆள் இல்லாமல் ஐந்து முறை செய்யச் சொல்லுங்கள். ஆள் நின்ற இடத்தில் ஒரு செருப்பை வைத்தால், தூரம் நழுவிப்போகாமல் இருக்கும்.

ஐந்தாம் வாரத்தில் முதல் சுவட்டைக் காட்டுங்கள். நாலு மூலைக்கும் கால் வைக்கும் எளிய சுவடாக இருக்கட்டும். மாணவர் அதைப் பார்த்ததுமே வலக்காலைச் சாய்வாக வைக்கும் இடத்தை அடையாளம் கண்டுகொள்வார். அது இடத்தோளடிக்கு அவர் நூறு முறை வைத்த கால். மனப்பாடம் செய்ய வேண்டிய பாரம் பாதியாகக் குறையும். தனியாக மூன்று முறை சுவடு, உடனே அதன் ஒரு துண்டை ஜோடியாக இரண்டு நிமிடம், மறுபடி தனியாக என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

வீச்சுக்கும் இதே வழி உண்டு. சுழலும் கம்பு எதைத் தடுக்கிறது என்று மாணவருக்குத் தெரிய, பழைய துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை 3 மீட்டர் தூரத்திலிருந்து ஒருவர் மெதுவாக எறியட்டும். பந்து நடுவில் புகுந்து மார்பில் பட்டால் சுழற்சி உடம்புக்கு மிக அருகில் ஓடுகிறது, அல்லது ஒரு பக்கம் வேகம் செத்துவிடுகிறது. பத்துப் பந்தில் ஏழு திரும்பினால் நல்ல வீச்சு. எறிபவர் கம்பு எட்டாத தூரத்தில் நிற்கிறாரா என்று ஆசானே அளந்து பார்க்க வேண்டும். ஈரக் கையிலிருந்து கம்பு நழுவினால் 3 மீட்டர் போதாது. அதனால் வியர்த்த கையைத் துடைக்கத் துணியைத் தோளிலேயே போட்டுக்கொண்டு ஆடச் சொல்லுங்கள்; துடைத்த பிறகே அடுத்த பந்து.

முழு பலத்தோடு, முழு வேகத்தோடு, நெற்றி உயரக் கம்பைச் சுழற்றுவதற்கு ஜோடி சரிவராது. அங்கே தனிப்பயிற்சிதான் வழி. மணிக்கட்டுக்கு உரம், இடக்கைக்குப் பழக்கம், நீண்ட வரிசையை மூச்சு வாங்காமல் முடிப்பது எல்லாம் தனியாக உழைத்துச் சேர்க்க வேண்டியவை. ஆறாம் வாரத்துக்குப் பிறகு தனிக்கும் ஜோடிக்கும் சரிபாதி நேரம் கொடுக்கலாம், போட்டிக்குத் தயாராகும் மாணவருக்குத் தனிநேரத்தை அதைவிடவும் கூட்டலாம்.

ஜோடிக்கு முன்பே தனியாகக் கற்பித்தாக வேண்டியதும் இருக்கிறது. ஜூடோவில் விழும் முறையான உகேமியைக் கற்காதவரை யாரையும் தூக்கிப்போட விடமாட்டார்கள், சரியான கட்டுப்பாடு அது. கம்பில்லாமல் கைகாலால் ஆடும் குத்துவரிசையில் காலை வாரிப் போடும் பாடம் எடுக்கிறவர்கள் அதையே பின்பற்ற வேண்டும்: முதலில் குந்தி உட்கார்ந்து பின்னால் உருளுதல், தாடையை மார்போடு ஒட்டி வைத்தல், பிறகு நின்று விழுதல், அதற்குப் பிறகே ஆள். நீண்ட நாள் உடற்பயிற்சியே இல்லாமல் வருகிற நாற்பது வயதுக்காரருக்கும் முதல் வாரம் மூட்டுக்கும் இடுப்புக்கும் தனியாக நேரம் கொடுங்கள்.

அடிபட்டால்

விரலில் பட்டால் கையுறையைக் கழற்றிப் பாருங்கள். மடக்க முடியவில்லை, கோணலாக இருக்கிறது, ஒரு புள்ளியில் தொட்டால் துடிக்கிறார் என்றால் எக்ஸ்ரே வேண்டும். இழுத்துச் சொடுக்கு எடுத்துவிடக் கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு அனுப்புங்கள். கண்ணில் பட்டால் தேய்க்கவோ அழுத்தவோ விடாமல் கண் மருத்துவரிடம். தலையில் பட்டவருக்கு அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, அவர் “ஒன்றுமில்லை மாஸ்டர்” என்று எத்தனை தடவை சொன்னாலும். வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சில் குழறல் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனை. வீட்டில் இருப்பவர்களிடம் நீங்களே பேசுங்கள், பிள்ளை போய்ச் சொல்லட்டும் என்று விடாதீர்கள்.

ஆறாம் வாரச் சோதனை

மாணவரைத் தனியாகச் சுவடு போடச் சொல்லி, நடுவில் எங்காவது ‘நில்’ என்று நிறுத்துங்கள். “தம்பி, இப்போது எதிராளியின் கம்பு எங்கே இருக்கிறது? அவர் எந்தக் காலில் நிற்கிறார்?” என்று கேளுங்கள். மாணவர் தன் கம்பின் முனையாலேயே காற்றில் அந்த இடத்தைக் காட்ட வேண்டும். பிறகு உதவியாளர் உண்மையாகவே அந்த இடத்தில் போய் நின்று அந்த அடியைக் கொடுக்கட்டும். சுவட்டின் அடுத்த கால் அதற்கு விடையாகிறதா என்று பாருங்கள். மூன்று இடத்தில் நிறுத்தி இரண்டில் சரியாகக் காட்டினால் அடுத்த சுவட்டைக் கொடுக்கலாம். காட்ட முடியாத இடம் எதுவோ, அந்த அடிக்கு உரிய ஜோடிப் பயிற்சிக்கு இரண்டு வகுப்பு திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி கேளுங்கள்.